கொல்லைப்புறத்தில் வண்ணத்துப்பூச்சி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் சாலையில் முதலில் திருபுவனம் வருகிறது. சற்றுத் தொலைவு சென்றால் ஆடுதுறை. திருபுவனத்தில் 1955ஆம் ஆண்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நடைபெற்று வருகிறது. ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. முன்னதில் ஒரு புழு உமிழ்ந்த இழையே பல குடும்பங்களுக்கு ஜீவனம். பின்னதிலோ, புழுக்களிடமிருந்து பயிரைக் காப்பது எவ்வாறு என்பது ஓயாத ஆராய்ச்சி. நெசவாளருக்குப் புழு நண்பன், குடியானவருக்குப் பகைவன். ஆயினும் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர், ஒரு புழுவை முட்டையிலிருந்து சிறகு விரிக்கும் வரையில் உடனிருந்து பார்த்திருக்கிறோம்?

பார்ப்பதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். மழை பெய்து செடிகள் தளிர் விடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு மிகவும் உகந்தவை. நீர் ஊற்றி வளர்க்கும் செடியானால் மற்ற மாதங்களிலும் காணலாம். காலையில் வெயில் ஏறியதும், கரிய சிறகில் மஞ்சட் புள்ளிகள் நிறைந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று செடியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். பூவை நாடாமல் இலை இலையாக உட்கார்ந்து எழுந்தால் அது பெண் என்று அறிக. முன்னங்கால்களால் அது இலையைத் தட்டிப் பார்க்கும். இலையின் சுவையை அறியும் உறுப்பு அதற்குக் காலில் இருக்கிறது. உரிய இலைதான் என்று தெளிந்தபின் வயிற்றை வளைத்து, ஒரே ஒரு முட்டையைத் தளிரில் ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போய்விடும். முட்டை கடுகினும் சற்றுச் சிறியது, உருண்டை வடிவம், வெளிர்மஞ்சள் நிறம்.

இந்த இனத்திற்கு 'எலுமிச்சை அழகி' என்று இப்போது தமிழிற் பெயர் வழங்குகிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகிய யாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் புழு அக்குடும்பத்தை விட்டு வெளியே பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. அருகில் எத்துணைக் கீரை செழித்து நின்றாலும், அது பட்டினி கிடந்து சாகுமேயன்றிக் கீரையைத் தின்னாது. புழு என்றாலே கண்டதையெல்லாம் தின்னும் என்று நாம் எண்ணுவது பிழை.

சுமார் மூன்று நாட்களில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, முதற்காரியமாகத் தான் கிடந்த முட்டையோட்டைத் தின்கிறது. இளமையில் அது கரும்பழுப்பு நிறமும் இடையில் வெண்பட்டையும் கொண்டு, இலையில் விழுந்த குருவி எச்சம் போலத் தோன்றும். எச்சத்தைக் கொத்தித் தின்ன எந்தப் பறவை வரும்? பட்டுப்புழுவைப் போலவே இதுவும் நான்கு முறை தோலுரிக்கிறது. கடைசித் தோலை உரித்ததும் பழைய கோலம் நீங்கி இலையோடு இலையாகப் பச்சை நிறம் பெறுகிறது. அப்போது அதை ஒரு துரும்பால் தொட்டால், தலைக்குப் பின்புறமிருந்து இரு கிளையாகப் பிரிந்த செம்மஞ்சள் நிற உறுப்பு ஒன்று சட்டென நீளும். உடன் நெடியும் வீசும். பாம்பின் நாக்கு என்று பிள்ளைகள் அஞ்சுவார்கள். அது நாக்கும் அன்று, கொடுக்கும் அன்று. எறும்பு முதலிய சிறு பகைகளை விரட்டுவதற்கான வாடைப்பை. மனிதருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். முருங்கை மரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியை யாரும் கையாற் தொட வேண்டா. அதன் மயிர் தோலிற் பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். அது வண்ணத்துப்பூச்சியாகவும் ஆவதில்லை. இரவிற் பறக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. இக்கட்டுரையிற் கூறும் வளர்ப்பு மயிரில்லாத புழுக்களுக்கு மட்டுமே உரியது.

செடியிலேயே விட்டுவிட்டால் பெரும்பாலான புழுக்கள் தேறுவதில்லை. எறும்பும் சிலந்தியும் குருவியும் குளவியும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகையால் இரண்டு மூன்று புழுக்களை இலையோடு கிள்ளி வீட்டிற்குள் கொண்டுவரலாம். விரலால் பிடித்து இழுத்தலாகாது. புழுவின் பற்றுக்கால்கள் அறுந்துபோகும். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியோ அட்டைப் பெட்டியோ போதும். வாயைக் கொசுவலைத் துண்டால் கட்டிவிடுக. ஒரு சிறு குப்பியில் நீர் நிரப்பிக் கறிவேப்பிலைக் கொத்தை அதிற் செருகி, குப்பியின் கழுத்தைத் துணியால் இறுக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி நீரில் மூழ்கிவிடும். தரையில் மிளகு போல விழும் எச்சத்தை நாள்தோறும் அகற்றுக. ஈரமும் எச்சமும் சேர்ந்தால் நோய் வந்து எல்லாம் ஒருங்கே மடியும். பட்டுப்புழு வளர்ப்போர் தட்டுகளை நாள் தவறாமல் சுத்தம் செய்வதும் இக்காரணம் பற்றியே. எறும்புக்கு அஞ்சி, அலமாரிக் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைப்போமல்லவா, அவ்வாறே பெட்டி வைத்த முக்காலிக்கும் வைத்துவிடலாம்.

எங்கள் வீட்டுச் செடி சிறியது. ஒரு முறை ஐந்து புழுக்கள் ஒரே சமயத்தில் வளர்ந்து தளிரெல்லாம் தீர்ந்துவிட்டன. கடைத்தெருவில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிவந்து, கழுவி உதறிப் பெட்டியில் இட்டேன். மாலையில் புழுக்கள் தலையை இப்புறமும் அப்புறமும் ஆட்டின. வாயிலிருந்து பச்சை நீர் ஒழுகியது. விடிவதற்குள் ஐந்தும் சுருண்டு கிடந்தன. அதே கட்டின் மீதி இலை அன்று இரவு எங்கள் வீட்டு ரசத்திற் போயிருந்தது.

தெளித்த மருந்தின் வீரியம் தணியுமுன் பறித்த இலை அது என்பதில் எனக்கு ஐயமில்லை. யார் வயலில் விளைந்தது, யார் விற்றது என்று தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. மருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டில், தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கீரையும் கறிவேப்பிலையும் பயிரிடும் அங்கத்தினர்கள் அந்தச் சிற்றெழுத்தை ஒரு முறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் அதை எனக்குப் படித்துக் காட்டியவை ஐந்து புழுக்கள்.

மருந்து படாத இலையைத் தின்ற புழு இரண்டு மூன்று வாரங்களில் முழு வளர்ச்சி அடைகிறது. பின்பு தீனியை நிறுத்திவிட்டு நிலைகொள்ளாமல் அலையும். அந்நேரத்தில் பெட்டியினுள் சில உலர்ந்த குச்சிகளைச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து, வாயின் அடிப்புறமுள்ள நூற்பு உறுப்பினால் முதலில் ஒரு பட்டு மெத்தை நூற்கிறது. அதில் வால்நுனியை மாட்டிக்கொள்கிறது. பின்பு தலையை வலமும் இடமும் மாற்றி மாற்றிக் கொண்டுசென்று, பல இழைகளைச் சேர்த்து ஓர் அரைஞாண் நூற்று, அதனுள் தன்னை நுழைத்துக்கொண்டு, மரமேறுபவர் இடுப்புக்கயிற்றில் சாய்ந்து நிற்பது போல் சாய்ந்துவிடுகிறது. மறுநாள் தோல் கழன்று கூட்டுப்புழு தோன்றும். பச்சைத் தண்டில் அமைந்தது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் அமைந்தது பழுப்பாகவும் இருக்கும்.

நெசவாள அன்பர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்த அரைஞாணைப் பார்க்க வேண்டும். அதுவும் பட்டே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் மல்பெரி பயிரிட்டு வளர்க்கும் பட்டுப்புழு, மூங்கிற் சந்திரிகையில் ஏறித் தன்னைச் சுற்றி ஏறத்தாழ 1,000 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள ஒரே இழையால் கூடு கட்டிக்கொள்கிறது. அந்துப்பூச்சி துளைத்து வெளிவந்தால் இழை அறுந்து போகும். ஆகவே விதைக்கூடு தவிர மற்றவற்றை ஆவியிலோ வெப்பத்திலோ வைத்து உள்ளிருக்கும் உயிரைப் போக்கிவிடுகிறார்கள். தறிக்கு வரும் நூல் பாதிக் கதையே. சிறகு முளைக்கும் மறுபாதியைப் பட்டு நெய்வோர் கண்டதில்லை. கண்டாலும், பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரிடம் வளர்ந்த அந்த அந்துப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது.

கொல்லைப் புழுவின் மறுபாதி எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் வந்துவிடுகிறது. முதல் நாள் கூட்டின் தோல் கறுத்து, உள்ளே சிறகின் மஞ்சட் புள்ளிகள் நிழலாடும். பெரும்பாலும் காலை வேளையில் முதுகுப்புறம் வெடித்து, ஈரமான பூச்சி வெளிவந்து குச்சியைப் பற்றிக்கொண்டு தொங்கும். அப்போது சிறகு, பெட்டியில் மடித்து வைத்த சேலையைப் போலச் சுருங்கிக் கிடக்கும். உடலின் நீர் சிறகு நரம்புகளிற் பாய்ந்து மடிப்பு நீங்கும். இரண்டு மணி நேரம் யாரும் தொடலாகாது. அப்போது நசுங்கிய சிறகு பின்பு ஒருநாளும் நிமிராது. அடிவயிற்றிலிருந்து சில துளிகள் பழுப்பு நீர் விழும். குருதியோ என்று அஞ்ச வேண்டா, அது கூட்டினுள் சேர்ந்த கழிவு. சிறகு உலர்ந்ததும் வலையை அவிழ்த்துவிடுக.

கறிவேப்பிலையில் வேறொரு புழுவும் வளரும். அதன் ஆண் வண்ணத்துப்பூச்சி கருமையாய், பின்சிறகில் ஒரு வரிசை வெண்புள்ளி கொண்டிருக்கும். அதன் பெண்களிற் சில, சிறகில் சிவப்புப் புள்ளிகளுடன் முற்றிலும் வேறு கோலத்தில் வரும். காரணம் விநோதமானது. ஈச்சுரமூலிக் கொடியில் வளரும் உடல் சிவந்த ஒரு கரிய வண்ணத்துப்பூச்சி, அக்கொடியின் நஞ்சைத் தன் உடலில் ஏற்றி வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. கறிவேப்பிலையில் வளர்ந்த பெண் அதன் வேடத்தைப் பூண்டு தப்புகிறது. வேடத்தால் உடலுக்கு மட்டும் சிவப்பு வரவில்லை. அதைக் கொண்டே நாம் வேறுபாடு காணலாம்.

வாய்க்காற் கரையிலுள்ள எருக்கிலும் வேலியிலுள்ள அரளியிலும் இவ்வாறே நஞ்சுண்டு வளரும் புழுக்கள் உண்டு. அரளிப் புழுவின் கூடு வெள்ளிப்பூண் போலப் பளபளக்கும். ஒரு முறை பார்த்தவர் மறவார். ஆனால் எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. அரளியோ எல்லா உறுப்பும் விஷம். பிள்ளைகளை அவற்றின் பக்கம் தனியே அனுப்பாமல் இருப்பதே நல்லது.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி என்று 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுவாசி. அதை நம் கொல்லையில் தேடி ஏமாற வேண்டா. சமவெளி இனங்களை ஒரே இடத்தில் காண விரும்புவோர், ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்கு ஒரு முறை சென்று வரலாம். பூச்செடி மட்டும் வைத்தாற் போதாது, புழு தின்னும் செடியும் வேண்டும் என்பதை அங்கே நேரிற் காணலாம்.

புழு வளர்த்துப் பார்ப்பது வீண் வேலை என்று நகைப்போர் உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1660ஆம் ஆண்டில், தமது பதின்மூன்றாம் வயதில், பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமே தோன்றும் என்று கற்றவர்களிற் பலர் நம்பிய காலம் அது. பட்டுப்புழுவிலிருந்து மற்றப் புழுக்களுக்குச் சென்று, ஒவ்வொன்றும் எந்தச் செடியைத் தின்று என்ன பூச்சியாகிறது என்று கண்டு வரைந்து வைத்தார். 1699இல் தென்னமெரிக்காவிலுள்ள சூரினாம் வரையில் கப்பலேறினார். நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். 1768ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யொஹான் கோனிக், ஸ்வீடன் தேசத்து லின்னேயஸின் மாணவர். இக்கடற்கரையில் அவர் திரட்டிய பூச்சிகளைக் கொண்டு ஃபாப்ரிசியஸ் என்னும் டேனிய அறிஞர் பல இனங்களுக்குப் பெயரிட்டார். கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரின் பிற்பகுதி 'கோனிகி' என்பது. தம் மாணவர் நினைவாக லின்னேயஸ் இட்ட பெயர் அது. நாம் நாள்தோறும் தாளிக்கும் இலை தரங்கம்பாடி மருத்துவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி, குடியானவருக்கு நேரே பயன்படும் செய்திக்கு வருவோம். கறிவேப்பிலைத் தளிரில் முட்டைகளைப் பார்த்து வருகையில், சில முட்டைகள் மைக்கறுப்பாக மாறி நிற்கும். நல்ல முட்டையும் பொரியும் தறுவாயில் சற்றுக் கறுக்கும். ஆனால் அது சில மணி நேரத்தில் பொரிந்துவிடும். இவையோ கறுத்தபடியே பல நாள் கிடக்கும். ஒரு சிறு குப்பியிலிட்டுத் துணியால் மூடி வையுங்கள். ஒரு நாள் அதிலிருந்து, ஒரு மில்லிமீட்டரும் நீளமில்லாத நுண்குளவிகள் வெளிவரும். வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுப் புழுவாகுமுன்னரே அதைத் தீர்த்துவிடும் இக்குளவிக்கு டிரைக்கோகிரம்மா என்று பெயர். புழு வளர்க்கும் பிள்ளைக்கு இது ஏமாற்றம். அவனுடைய தகப்பனாருக்கோ நற்செய்தி.

ஏனெனில், வேளாண்மைத் துறையார் 'முட்டை ஒட்டுண்ணி அட்டை' என்று தருவது இதே குலத்துக் குளவியைத்தான். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில் இக்குளவியை வளர்த்து அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். ஒரு சி.சி. என்பது ஏறத்தாழ 20,000 முட்டை. நெல்லின் தண்டுத்துளைப்பானுக்கு ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் நடவு செய்த 30, 37ஆம் நாட்களிலும், இலைச்சுருட்டுப் புழுவுக்கு வேறோர் இனத்தை 37, 44, 51ஆம் நாட்களிலும் கட்டவேண்டும் என்பது பரிந்துரை. அட்டை கட்டியபின் மருந்து தெளித்தால் முதலில் மடிவது அக்குளவியே.

தண்டுத்துளைப்பானின் பெண் அந்து மஞ்சள் நிறமுடையது. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. அது நாற்றின் இலைநுனியருகே முட்டைக்குவியலை இட்டு, தன் உடல் மயிரால் மூடிவிடும். கறிவேப்பிலையில் கடுகிலும் சிறிய முட்டையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இக்குவியல் தப்பாது. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழித்துவிட்டாலே பெரும்பங்கு ஒழியும். இலைச்சுருட்டுப் புழு தன் பட்டிழையால் இலையின் இரு ஓரத்தையும் தைத்து, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். மாலையில் விளக்கை நாடி வீட்டிற்குள் வரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் நெல்லிலை தின்பதே. தலையில் இரு கொம்பு இருக்கும். அதனால் பெருஞ்சேதம் வருவது அரிது. அதைக் கண்டு மருந்துக்கடைக்கு ஓடுவது காசுக்குக் கேடு.

புழு தென்பட்டவுடன் தெளிப்பான் எடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பத்துக்கு ஒரு நடுக்குருத்து காய்ந்தாலோ, நூற்றுக்கு இரண்டு கதிர் வெண்கதிரானாலோ, இளம்பயிரில் பத்துக்கு ஓர் இலை சுருண்டாலோதான் தண்டுத்துளைப்பானுக்கும் இலைச்சுருட்டிக்கும் மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்று வேளாண் விஞ்ஞானிகள் வரம்பு வகுத்திருக்கிறார்கள். அதற்கு முன் தெளித்தால் சிலந்தியும் குளவியும் மடிந்து, புகையான் பெருகிப் பயிரைப் புகைய வைத்துவிடும்.

இக்காரியத்தில் ஒருவர் மட்டும் முனைவதாற் பயன் குறைவு. குளவிக்கு வரப்புத் தெரியாது. பக்கத்து வயலிற் காற்றோடு வரும் மருந்துக்கும் தெரியாது. ஒரே வாய்க்காற் பாசனத்தில் நடவு செய்வோர் ஒன்றுகூடி, முதல் நாற்பது நாள் யாரும் அளவு பாராமல் தெளிப்பதில்லை என்று தம்முள் ஒப்புக்கொண்டால்தான் அட்டைக்கு இட்ட பணம் நிலைக்கும். அட்டை உயிருள்ள பண்டம். வாங்கிப் பரணில் வைத்துக்கொள்ள இயலாது. நடவு நாளைக் கணக்கிட்டு, இத்தனை ஏக்கருக்கு இன்ன தேதியில் வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். சம்பா நாற்றங்கால் விடுமுன் நடைபெறும் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒருவர் ஏக்கர்க் கணக்கைக் கொண்டுவந்தால் செயலாளருக்கு எழுதி அனுப்ப வசதியாக இருக்கும்.